கதவுக் குமிழில் அடைபடுத்த செவலை

மலாய் நாட்டில் சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு கோழிகளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. வியாதி மட்டும்தான் இருந்தது. வியாதிக்கு மருந்து குழாயடியில் கிடைத்தது. சாயங்காலம் தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு, யார் வீட்டுக் கோழிக்கு என்ன என்று ஆரம்பித்தால் லயத்து வரிசை வீடுகளில் விளக்கு வைக்கும்வரை ஓயாது. கழிச்சலுக்குச் சின்ன வெங்காயம் என்பாள் ஒருத்தி. அதெல்லாம் ஆகாது, மிளகும் மஞ்சளும் அரைத்து உருட்டிப் போடு என்பாள் இன்னொருத்தி. காளியம்மா எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய் சொல்வாள். மனிதர்களுக்கும் அதையேதான் சொல்வாள். எது கேட்டது, எது கேட்கவில்லை என்று யாரும் ஆராய்ந்ததில்லை. பிழைத்த கோழி மருந்தால் பிழைத்தது, செத்த கோழி குழம்பாகிவிட்டது, அவ்வளவுதான்.

வினிஃப்ரெட் இந்தக் கூட்டத்தில் வாய் திறக்காமல் காது மட்டும் கொடுக்கிற ரகம். அவள் புருஷன் ரபேலைச் சயாமில் ரயில் பாதை போட வேண்டும் என்று லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு இரண்டு கிறிஸ்துமஸ் வந்து போயின. ரபேல் வரவில்லை, அவனைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. வீட்டில் இருந்தது ஐந்து வயது மகள் டொரத்தியும், செவலை என்ற ஒரு கோழியும், ஊரில் எல்லோரையும் போல மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கும்தான்.

அரிசியைக் கண்ணால் காணாத டொரத்திக்குக் கால் வீங்கி நடையும் நின்றுபோயிற்று. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஐயாசாமி குழந்தையைப் பார்த்துவிட்டு, பின்னால் இருந்த அலமாரியைத் திறந்து காட்டினார். காலி போத்தல்கள் வரிசையாக நின்றன.

"மருந்துன்னு கேக்காத வினிஃப்ரெட். எங்கிட்ட தண்ணிதான் இருக்கு. தெனம் ஒரு முட்டை குடு. விடாம குடுத்தா புள்ள பொழைச்சுக்கும். விட்டுட்டா நான் பொறுப்பில்ல."

செவலை நல்ல கோழி. இட்ட முட்டையைச் சேரவிடாமல் உடனே எடுத்துவிட்டால் அதற்கு அடை நினைப்பு வராது, இட்டுக்கொண்டே இருக்கும். வினிஃப்ரெட் அதற்குக் கறையான் புற்றை வெட்டிக்கொண்டு வந்து போட்டாள், நத்தையைத் தட்டிப் போட்டாள். குழந்தையின் வீக்கம் மெல்ல மெல்ல வற்றத் தொடங்கியது. டொரத்தியின் உயிர் ஒரு கோழியின் வாலடியில் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் கோழிகளுக்கு ஒரு சங்கம் இல்லாத பெருங்குறையை அரசாங்கம் கண்டுபிடித்தது.

சாஆ வட்டார மகா ஆசியக் கோழி வளர்ப்போர் ஒத்துழைப்புச் சங்கம் என்று அதற்குப் பெயர். பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கோழி தீனி தின்றுவிட்டு வந்துவிடும். தலைவராக ஏரம்பமூர்த்தி நியமிக்கப்பட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். யாழ்ப்பாணத்துச் சுத்த சைவர். முட்டை கலந்த பிஸ்கோத்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைப்பவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்த முதல் கூட்டத்தில் அதையே அவர் தம் தகுதியாக எடுத்துச் சொன்னார்.

"அன்பர்களே! நான் பிறந்த நாள் தொட்டு ஒரு கோழியையும் தொட்டதில்லை. ஆகவே இந்தப் பதவியிலே எனக்கு ஒரு சுயநலமும் இல்லையெண்டு பகிரங்கமாய்ச் சொல்லுறன். இதுவரைக்கும் நீங்கள் ஒவ்வொருத்தரும் தனித்தனியாய்க் கோழி வளர்த்தீர்கள். அது வெள்ளையன் சொல்லித் தந்த சுயநலம். இனிமேல் சங்கம் கோழி வளர்க்கும். நீங்கள் தீனி போட்டால் போதும்."

செயலாளர் லூயிஸ் கை தட்டினார். அவர் தோட்டத்துக் கணக்கெழுதும் பழைய கிராணி. யார் பேசி நிறுத்தினாலும் கை தட்டுவது என்று வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கத்தால் மூன்று துரைமார்களைத் தாண்டி வந்தவர், நான்காவதையும் தாண்டிவிடலாம் என்று நம்பினார்.

முதல் தீர்மானமே குழாயடியின் தலையில் விழுந்தது. கோழி சம்பந்தமாக உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வாய்வழியாக ஆலோசனை சொல்வது வதந்திக்குச் சமம் என்றும், வதந்தி பரப்புவோர் எங்கே அனுப்பப்படுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும் என்றும், ஆலோசனை வேண்டுவோர் சங்கத்தின் மூலமாகவே பெற வேண்டும் என்றும் அறிவித்தார்கள். காளியம்மாவின் கோழி ஒன்று கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. அவள் வாயை மூடிக்கொண்டு சங்கத்துக்குப் போய்ச் சொன்னாள். குழு கூடியது, விவாதித்தது, துணைக்குழு ஒன்றை அமைத்தது. கோழிக்கு நல்ல காற்றோட்டமும் மன உறுதியும் தேவை என்ற பதில் வந்தபோது காளியம்மா அந்தக் கோழியின் காலைக் கடித்துக்கொண்டிருந்தாள். இருந்தாலும் எழுந்து நின்று நன்றி சொன்னாள்.

அடுத்தது சேவல்கள். ஜப்பான்காரன் வந்ததும் ஊரிலுள்ள கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு முன்னே தள்ளி வைத்துவிட்டான். கடிகாரம் கேட்டது, மனிதர்களும் கேட்டார்கள். சேவல்கள் மட்டும் பழையபடி வெளுக்கிற நேரத்தில்தான் கூவின. புதுக் கணக்கில் பார்த்தால் அது நெடுநேரத் தாமதம். "இந்த வட்டாரத்துச் சேவல்கள் இன்னும் இங்கிலாந்துக்காரனுக்காகக் கூவுகின்றன" என்று ஏரம்பமூர்த்தி கூட்டத்தில் மனம் நொந்து பேசினார். எல்லாச் சேவல்களையும் பிடித்து, ஜப்பான் அதிகாரிகள் தங்கியிருந்த பங்களாவில் நேரப் பயிற்சி முகாமில் சேர்த்தார்கள்.

முகாம் பக்கமிருந்து தினமும் மத்தியானம் நல்ல வாசனை வந்தது. ஒரு நாள் காளியம்மா தலைவரை வழியில் மறித்து, "ஐயா, என் சேவல் எப்படிங்க இருக்கு?" என்று விசாரித்தாள்.

"நல்ல முன்னேற்றம்" என்றார் அவர். "அதிகாரிகளுக்கு நிரம்பத் திருப்தி."

சேவல் இல்லாத ஊரிலும் கோழி முட்டையிடும் என்பதால் வினிஃப்ரெட் கவலைப்படவில்லை. முட்டைகளை யாராவது கேட்பார்களோ என்றுதான் பயந்தாள். நல்லவேளையாக, முட்டைப் பிரிவுக்கு யார் தலைவர் என்பதில் குழுவுக்குள் சண்டை மூண்டு, அந்தப் பிரிவு அமையாமலே கிடந்தது. ஆனால் பங்களாவில் சேவல்கள் பயிற்சி முடித்துத் தீர்ந்துபோனதும், கோழிகளைக் கொண்டுவாருங்கள் என்று உத்தரவு வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு கோழி. ஒரே கோழி வைத்திருப்பவர்களும் அந்த ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும்.

வினிஃப்ரெட்டுக்கு அன்று கிழங்கு இறங்கவில்லை. செவலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு டொரத்தியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் லூயிஸ் உத்தரவின் மீதிப் பகுதியை வாசித்தார். அடைபடுத்திருக்கும் கோழிக்கு மட்டும் விலக்கு உண்டு. அது வருங்காலக் குஞ்சுகளை உற்பத்தி செய்யும் தேசியப் பணியில் ஈடுபட்டிருப்பதால் அதைத் தொடக்கூடாது. சேவல்களைத் தின்று தீர்த்த ஊரில் அடை வைத்த முட்டையிலிருந்து என்ன வரும் என்பது குழுவில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்ல அனுமதி இல்லை.

ஒரே வாரத்தில் சாஆ வட்டாரக் கோழிகள் அத்தனையும் அடைபடுத்தன. அடை நினைப்பே இல்லாத கோழிகளும் கூடைக்கடியில் படுத்தன. முட்டையைக் கூடையில் விரயம் பண்ண யாருக்கும் மனசில்லை. ஆற்றங்கல்லை வைத்தவர்கள் உண்டு, சோப்புக் கட்டியைச் செதுக்கி வைத்தவர்கள் உண்டு. வினிஃப்ரெட் ஓடிப்போன பெரிய துரையின் ஆளில்லாத பங்களாவுக்குப் போய், அங்கே கழன்று கிடந்த கதவுக் குமிழ்களைப் பொறுக்கி வந்தாள். வெள்ளைப் பீங்கான் குமிழ்கள், முட்டையை உரித்துவைத்த மாதிரி. துளை இருந்த பக்கத்தைக் கீழே திருப்பி வைக்கோலில் பதித்து, செவலையை மேலே உட்கார வைத்து, கூடையால் மூடினாள்.

தலைவரும் செயலாளரும் வீடு வீடாகப் பார்வையிட வந்தார்கள். ஏரம்பமூர்த்தி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கூடைக்குள் எட்டிப் பார்த்தார். பென்சிலை நீட்டி ஒரு குமிழைத் தட்டினார். டொக் என்றது.

"பார்த்தீரோ லூயிஸ், எவ்வளவு உறுதி!" என்றார் தலைவர். "வெள்ளையன் காலத்து முட்டை தட்டினால் உடையும். இது ஆசிய முட்டை. இந்தக் கோழியைப் போல உறுதியாய்ப் படுத்திருந்தால் எங்கட சனம் என்றைக்கோ முன்னுக்கு வந்திருக்கும்."

லூயிஸ் கை தட்டினார். செவலை வெடுக்கென்று திரும்பி அவர் விரலைக் கொத்தியது.

வினிஃப்ரெட்டுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அந்தக் கொத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. செவலை நடிக்கவில்லை. வயிற்றுக்கடியில் உருண்டையாக, வழவழப்பாக, எடுக்க எடுக்கக் குறையாத ஏதோ கிடந்ததில் அதற்கு நிஜமாகவே அடைக்காய்ச்சல் வந்துவிட்டது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, தீனியை மறந்து, குமிழ்களைப் பொரிக்கக் கிளம்பிவிட்டது. அடை ஏறிய கோழி முட்டையிடாது. மறுநாள் முட்டை இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கோழியைக் காப்பாற்றப் போய் முட்டையைப் பறிகொடுத்தாயிற்று.

வாரம் திரும்புவதற்குள் டொரத்தியின் கால் பழையபடி ஊதிக்கொண்டது. குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து, தன் முழங்காலைத் தானே அழுத்திப் பார்த்து, "அம்மா, குழி மூட மாட்டேங்குது" என்றது. வினிஃப்ரெட் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அடை தெளியவைக்க வழி கேட்க வேண்டும். கேட்பது வதந்தி. அதற்கு மேல், தேசியப் பணியில் இருக்கும் கோழியை எழுப்புவது நாசவேலை. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போகிற சாக்கில் காளியம்மாவின் மரவள்ளிக் கொல்லைக்குப் போனாள். காளியம்மா கிழங்கு தோண்டுகிற மாதிரி குனிந்துகொண்டு பேசினாள். அவள் கோழியும் கல்லின்மேல் உட்கார்ந்து அதே கோலத்தில்தான் இருந்தது.

"ஒரு எறகைப் புடுங்கி மூக்குல குறுக்கே செருகிடணும். ஒரே நாள்ல தெளிஞ்சிரும்."

"ஐயோ பாவம்! மாட்டேங்க்கா."

"அப்போ தண்ணிதான். வாளியில அடிவயிறு நனைய முக்கி எடு. காலையில ஒரு முக்கு, சாயங்காலம் ஒரு முக்கு. சூடு எறங்கிட்டா அடை போயிடும்லா. நான் சொன்னேன்னு சொல்லிடாத. நான் செத்துட்டேன்னு நெனைச்சுக்க."

"விளக்கெண்ணெய் வேண்டாமாக்கா?"

காளியம்மா கொஞ்சம் யோசித்தாள். "அதையும் குடுக்கலாம். ஆனா ஊர்ல எங்கே இருக்கு?"

மறுநாள் காலை, லயத்துக்குப் பின்னால், ரப்பர் பால்வெட்டு நின்றுபோனதால் சும்மா கிடந்த பால் வாளியில் தண்ணீர் நிரப்பி, வினிஃப்ரெட் செவலையை முக்கினாள். செவலை ஊரே கேட்கக் கத்தியது. அவள் ஒரு கையால் அதன் அலகைப் பொத்தி மறுபடி முக்கி நிமிர்ந்தபோது, வேலி ஓரத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் தெரிந்தது. ஜப்பான் அதிகாரி. அவருக்குப் பின்னால் ஏரம்பமூர்த்தி. அதற்குப் பின்னால் லூயிஸ். வட்டாரத்தில் ஒரு கோழி பாக்கியில்லாமல் அடைபடுத்திருக்கும் அதிசயத்தை மேலிடத்துக்குக் காட்டத் தலைவர் அவரை அழைத்து வந்திருந்தார்.

வினிஃப்ரெட் குனிந்து வணங்கினாள். கோழியும் அவளோடு குனிந்தது. இரண்டு பேரிடமிருந்தும் தண்ணீர் சொட்டியது.

"இனி அப்பா?" என்றார் அதிகாரி. இது என்ன என்று கேட்க அவருக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான்.

வினிஃப்ரெட் தலைவரைப் பார்த்தாள். இந்த வட்டாரத்து அடைக்கோழிகளுக்குப் பொறுப்பு ஏற்றவர் அவர்தான். ஒரு கோழி அடை கலைந்தது என்று தெரிந்தால் அடுத்த லோரியில் அவருக்கும் இடம் இருந்தது.

"மண்டி, துவான்" என்றார் ஏரம்பமூர்த்தி. குளிக்கிறது, ஐயா என்றார். பிறகு, சொன்னது சொன்னதுதான் என்று மளமளவென்று தொடர்ந்தார். நிப்போன் மக்கள் தினமும் குளித்துச் சுத்தமாக இருப்பதைப் பார்த்து, எங்கள் சங்கத்துக் கோழிகளும் குளிக்க முன்வந்திருக்கின்றன, துவான். இது முதல் கோழி, துவான்.

அதிகாரி செவலையையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். ஊரில் உள்ள வெந்நீர்த் தொட்டி நினைவுக்கு வந்ததோ என்னவோ, அவர் முகம் இளகிவிட்டது. "அயாம் மண்டி!" என்று கோழி குளிப்பதைச் சொல்லிச் சிரித்தார். "பாகூஸ்! பாகூஸ்! செமுவா மண்டி!"

நல்லது, எல்லாக் கோழிகளும் குளிக்க வேண்டும் என்று அன்றே உத்தரவு ஆகிவிட்டது. அடைக்கோழி நீராட்டுப் பிரிவு அமைந்தது. அதற்குத் தலைவர் யார் என்ற சண்டை வரும் முன்பே அதிகாரி வினிஃப்ரெட்டைச் சுட்டிவிட்டதால், கோழிப் பிரிவுகளிலேயே ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான். காலையும் மாலையும் பெண்கள் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குழாயடியில் வரிசையாக நின்றார்கள். லூயிஸ் மேற்பார்வை பார்த்து, ஒவ்வொரு முக்குக்கும் கை தட்டினார். நனைந்த கோழிகளின் கூச்சலில் யார் யாருக்கு என்ன மருந்து சொல்கிறார்கள் என்று அவருக்குக் கேட்கவே இல்லை.

மூன்றே நாளில் செவலைக்கு அடை தெளிந்தது. கதவுக் குமிழ்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் புற்று மண்ணைக் கிளறப் போனது. சில நாள் கழித்து, வினிஃப்ரெட் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது கொல்லையில் அது கொக்கரித்தது. அவள் சட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். சூடு ஆறாத முட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று சொல்லியபடியே அடுப்பைப் பற்றவைத்தாள். லயம் முழுவதும் இதே கொக்கரிப்புதான். சங்கத்தின் பதிவேட்டில் மட்டும் எல்லாக் கோழிகளும் இன்னும் அடைபடுத்தே இருந்தன. டொரத்தியின் காலில் வீக்கம் தினம் தினம் இறங்கியது. ஒரு நாள் குழந்தை எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வாசல்வரை நடந்து வந்து நின்றது.

எல்லாம் சரிதான். ஆனால் சங்கத்தின் கணக்குப்படி, சாஆ வட்டாரத்தில் குஞ்சு பொரிக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. எத்தனை நூறு குஞ்சுகள் என்று மேலிடத்துக்கு எப்போதோ சொல்லியாகிவிட்டது. மகாசபைக் கூட்டம் கூட்டினார்கள். பள்ளிக்கூடம் நிரம்பி, சன்னலுக்கு வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். அதிகாரி முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வினிஃப்ரெட் டொரத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு யார் மாட்டப்போகிறார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

ஏரம்பமூர்த்தி எழுந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்பர்களே! நமது சங்கத்தின் குஞ்சுகள் ஒன்று பாக்கியில்லாமல் பொரித்துவிட்டன என்று மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன். அவை எங்கே எண்டு கேட்பீர்கள். கண் திறந்த உடனேயே அந்தக் குஞ்சுகள் நாட்டின் தேவையை உணர்ந்துவிட்டன. நாங்களும் சயாமுக்குப் போய் உழைப்போம் எண்டு தாமாகவே முன்வந்துவிட்டன. ஒருத்தரும் கட்டாயப்படுத்தவில்லை. நேற்றே லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். அங்கே அவைக்கு நல்ல சாப்பாடு, நல்ல இடம். வேலை முடிந்ததும் திரும்பி வந்துவிடும். பெற்றோர் கவலைப்பட வேண்டாம்."

லூயிஸ் அதை மலாயில் சொன்னார். அதிகாரி தலையாட்டினார். அவருக்கு அதில் எதுவும் புதிதாகப் படவில்லை. லூயிஸ் கை தட்டினார், கூட்டமும் தட்டியது.

வினிஃப்ரெட் தட்டவில்லை. அந்தக் கடைசி வார்த்தைகளை அவள் முன்பே கேட்டிருக்கிறாள், இதே பள்ளிக்கூட வாசலில், லோரி கிளம்பிய அன்று. எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவள், கை தட்டல் ஓய்ந்ததும் தன்னை அறியாமல் முன்னே வந்துவிட்டாள்.

"ஐயா."

"என்ன பிள்ளை?"

"அந்தக் குஞ்சுங்க சயாமுக்குத்தானே போவுதுங்க?"

"ஓம்."

"அங்க எங்க வீட்டுக்காரர் இருக்காருங்க. ரபேலுன்னு பேரு. குஞ்சுங்க அவரைப் பார்த்துச்சுன்னா, பாப்பாவுக்குக் கால் வீக்கம் வத்திடுச்சு, வாசல் வரைக்கும் நடக்குறான்னு சொல்லச் சொல்லுங்க."

பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏரம்பமூர்த்தி அவளையும், அவள் இடுப்பில் இருந்த குழந்தையையும் பார்த்தார். மேடைக் குரல் எங்கோ போய்விட்டது. தன் வீட்டில் பேசுகிற குரலில், "ஓம் பிள்ளை, சொல்லச் சொல்லுறன்" என்றார்.

உடனே பின்னாலிருந்து காளியம்மா எழுந்தாள். "எம் மகன் அர்ச்சுனனைப் பார்த்தாலும் சொல்லச் சொல்லுங்கய்யா, ஆத்தா இன்னும் சாகலன்னு." சன்னலுக்கு வெளியே யாரோ ஒரு பெயரைச் சொன்னார்கள். அதற்குள் இன்னொருவர். பெஞ்சு பெஞ்சாக எழுந்து நின்று, பொரிக்காத குஞ்சுகளிடம் சேதி சொல்லி அனுப்பத் தொடங்கினார்கள். என்ன நடக்கிறது என்று அதிகாரி லூயிஸிடம் கேட்டார். குஞ்சுகளை வாழ்த்துகிறார்கள், துவான் என்றார் லூயிஸ். அன்று அவர் கை தட்டவில்லை. கூட்டத்தை முடித்துவைக்க யாருக்கும் வாய் வராமல், பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.